எந்த வேலாயி?

உபதேசியார் சின்னமுத்து தலைப்பை இரண்டு தரம் வாசித்தார். போதகராவதற்கான பரீட்சைக்கு அவருக்கு எழுதிவரக் கொடுத்த தலைப்பு அப்படி: மோர்மன் மார்க்கம் பழைய ஞோஸ்திக மார்க்கத்தின் ஒரு வகையா? ஞோஸ்திகர் என்றால் ஆதிச் சபை கள்ளப் போதகர் என்று தள்ளிவைத்தவர்கள். சபையில் வேறு யாருக்கும் இப்படி ஒரு தலைப்பு விழுந்ததில்லை. அவருக்கு விழக் காரணம் ஹான்சன் துரை.

துரை அமெரிக்கர், மோர்மன் சபைக்காரர். 1931இல் கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மிஷின் பூட்ட வந்தார். கொழுந்து அரைக்கும் மிஷினைப் பூட்டிவிட்டு, தேத்தண்ணி தன் மார்க்கத்துக்கு ஆகாது, ஒரு மிடறும் குடிக்கமாட்டேன் என்றால் எங்கள் ஆட்கள் சும்மா விடுவார்களா? அவருக்கு மொழிபெயர்க்கப் போன உபதேசியாரும் மதம் மாறிவிட்டார் என்று ஒரே ஆராதனைக்குள் கதை கட்டிவிட்டார்கள். எங்கள் சபைக்கு வேதம் வாசிக்க வராவிட்டாலும் இது நன்றாக வரும்.

கதை, பரீட்சை வைக்கும் நல்லதம்பிப் போதகரின் காதுக்குப் போயிற்று. யாழ்ப்பாணத்தவர், அவர் சிரித்து நாங்கள் யாரும் கண்டதில்லை. தலைப்பைக் கொடுத்தவர் அவர்தான்.

ஆனால் சின்னமுத்துவின் பயம் பரீட்சையோடு நிற்கவில்லை. அவருடைய தாய் வேலாயி கொழுந்து பறித்தவள். மகனை மிஷன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். தான் மட்டும் மாரியம்மனை விடவில்லை. நெற்றியில் திருநீறோடுதான் கண்ணை மூடினாள். ஞானஸ்நானம் பெறாத தாய் இப்போது எங்கே இருப்பாள் என்ற கேள்வி அவரைப் பல வருஷமாக அரித்தது. ஹான்சன் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார்: தங்கள் ஆலயத்தில், இறந்தவருக்காக உயிரோடிருப்பவர் ஞானஸ்நானம் எடுக்கலாம். ஏற்பதும் மறுப்பதும் இறந்தவரின் இஷ்டம். பெயரைத் தந்தால், தான் ஊருக்குப் போய் அதற்குக் கேட்டுப் பார்ப்பதாகவும் சொன்னார்.

சின்னமுத்து பெயரைக் கொடுக்கவில்லை. அது பொய்ப் போதனையாக இருந்தால், பெயரைக் கொடுப்பது தான் நம்பும் ஆண்டவருக்கே துரோகம். கொடுக்காமல் விட்டால் அம்மா? துரை புறப்படும் நாளும் நெருங்கிவிட்டது.

அதனால் கட்டுரையைத் தனக்காகவே எழுதினார். ஞோஸ்திகர் உடம்பைச் சிறை என்றார்கள்; துரையோ கடவுளுக்கே உடம்பு உண்டு என்கிறார். அதுவரை சரி. ஆனால் ஞோஸ்திகருக்கு இரகசிய அறிவு இருந்தது. இவர்கள் ஆலயத்திலும் வெளியே சொல்லாத சடங்குகள் உண்டு. அந்த இடத்தில் பேனாவை மூடி வைத்தார். வெகுநேரம் கழித்துத்தான் கடைசிப் பந்தி வந்தது: ஞோஸ்திகர் மீட்பை அறிந்த சிலருக்கே வைத்தார்கள். ஒன்றும் அறியாமல் செத்தவர்களுக்கும் கதவைத் திறக்கப் பார்க்கிறவர்களை அந்தக் கூட்டத்தில் சேர்க்க முடியாது. இவர்களிடம் பிழை இருக்கலாம். அது அந்தப் பிழை அல்ல.

பரீட்சை அன்று மற்றப் போதகர்கள் கேட்டு முடித்து எழுந்து போனபின் நல்லதம்பிப் போதகர் சின்னமுத்துவை இருக்கச் சொன்னார். 

"நீர் பாஸ்," என்றார் போதகர். "உம்மட கடைசிப் பந்தியை வாசிக்கேக்க விளங்கினது, ஆரையோ நினைச்சுத்தான் எழுதியிருக்கிறீர். துரையிட்ட பேர் குடுத்தனீரோ?"

"எங்கம்மாங்க ஐயா. இன்னும் குடுக்கல. பயமா இருக்குங்க."

"துரை எப்ப போறார்?"

"நாளைக்குக் காலையில, ரயில்லங்க."

போதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "என்ர அம்மாவும் சைவமாத்தான் செத்தவ. சின்னாச்சி. உடுப்பிட்டி, ஆறுமுகத்தாரின்ர மகள்." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "இதை நான் உமக்குச் சொல்லேல்ல," என்றார்.

மறுநாள் கண்டி ரயில் நிலையத்தில் ஹான்சன் சின்னாச்சியின் விவரத்தை எழுதிக்கொண்டு, "உங்கள் தாய்?" என்றார்.

"வேலாயி."

பிறந்த ஊர்? கடலுக்கு அந்தப் பக்கம் என்பதற்கு மேல் சின்னமுத்துவுக்குத் தெரியாது. அவளுடைய தகப்பன் பெயர்? அதுவும் தெரியாது. வருஷம்? தோட்டத்துச் செக்றோல் பதிவேட்டில் அவளுக்கு ஒரு நம்பர் இருந்தது. அதைக்கூட அவர் கேட்டு வைத்ததில்லை. பிளாட்பாரத்தில் நின்று அழுதார். துரை தயங்கிவிட்டு எழுதினார்: வேலாயி, சின்னமுத்துவின் தாய்.

சின்னமுத்து போதகரானார். எத்தனையோ பேரை அடக்கம் செய்து ஆறுதல் சொன்னார். நல்லதம்பிப் போதகர் காலமான பிறகுதான் இதையெல்லாம் என்னிடம் சொன்னார். துரையிடமிருந்து ஒரு தகவலும் வரவில்லையாம்.

"எங்க லயத்து வீட்டு வரிசையில மட்டும் மூணு வேலாயி இருந்தாங்க," என்றார். "பேர் சொல்லி யார் கூப்பிட்டாலும், வேற யாரையோன்னு நெனைச்சு ஒதுங்கி நிப்பாங்க எங்கம்மா. அங்கயும் அப்படி நின்னுட்டாங்கன்னா?"