மேடம், அழுத்தம் சரியா இருக்கா?

தி.நகர்ல ஒரு பாத்திரக் கடைக்கு மேல, மாடியில தான் எங்க மசாஜ் கிளாஸ். சேர்ந்த அன்னைக்கே டீச்சர் எல்லார் கையையும் தடவிப் பார்த்துக்கிட்டு வந்தாங்க. என் கை வந்ததும் நின்னுட்டாங்க. "என்னம்மா இது, உப்புத்தாள் மாதிரி இருக்கு? இதை கஸ்டமர் முதுகுல வச்சா தோல் உரிஞ்சிடும்"னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சுருக்குனு கோவம் வந்துச்சு. மந்தவெளியில வீடு வீடா பாத்திரம் தேய்ச்ச கை வேற எப்படி இருக்கும்?

ஆனா அவங்க சொன்னது நியாயம் தான். தேய்க்கிற தூளையும் கம்பி நாரையும் விட்டாத்தான் அந்தக் கை தேறும். கோர்ஸ் முடியிற வரைக்கும் பாத்திரம் பக்கமே போகக்கூடாதுன்னு கண்டிஷனாச் சொல்லிட்டாங்க.

வீட்டுல அம்மாகிட்ட சொன்னேன். அம்மாவுக்கும் அதே வேலை தான், அபிராமபுரத்துல. "அவ்ளோ தானே? உன் வூடுங்களையும் நானே பாத்துக்கிறேன், நீ போய்ப் படி"ன்னுச்சு. முடியுமாம்மான்னு கேட்டேன். "எனக்கு இன்னா கேடு? கல்லு மாரி கீறேன்."

ஆத்தோரம் இருந்த எங்க வீட்டை கவர்மெண்டு இடிச்சிட்டு, ஊருக்கு வெளியில ஹவுசிங் போர்டு வீட்டுல போட்டதுல இருந்து, வேலைக்கு வந்து சேர்றதே பாதி வேலை. அடையாறுல ஒரு ஸ்பாவுல டீச்சர் எனக்காகச் சொல்லி வச்சிருந்தாங்க. சர்ட்டிபிகேட் கையில வந்தா அங்க வேலை. எனக்கு வேலை வந்தா அம்மா எல்லா வீட்டையும் விட்டுட்டு உட்காரலாம். எனக்கு வேண்டியிருந்தது அது ஒண்ணு தான்.

மசாஜுன்னதும் எங்க பிளாக்குல வாயைப் பொத்திக்கினு சிரிச்ச பொம்பளைங்க உண்டு. ஒருத்தி தண்ணி பிடிக்கிற இடத்துல, "உன் பொண்ணு இன்னா மாரி மசாஜ் கத்துக்குது?"ன்னு இழுத்தா. அம்மா குடத்தைக் கீழ வச்சிட்டு, "உன்னாட்டம் நாக்குல சுளுக்கு பிடிச்சவளுக்கு எடுத்து உடறது. வர்றியா?"ன்னு கேட்டுச்சு.

கிளாஸ்ல நீவுறது, பிசையறது, தட்டுறது எல்லாம் சீக்கிரம் வந்துடுச்சு. வராதது ஒண்ணே ஒண்ணு. எவ்வளவு அழுத்துறதுன்னு தெரியல. மசாஜ் டேபிள்ல தலைமாட்டுல ஒரு ஓட்டை இருக்கும். குப்புறப் படுத்து முகத்தை அதுல வச்சிட்டா, படுத்தவங்க மூஞ்சி நமக்குத் தெரியாது. சரியா இருக்கான்னு கேட்டா எல்லாரும் "ம், நல்லாருக்கு"ம்பாங்க. டீச்சர் ஒருநாள் கத்தியே விட்டாங்க. "நம்ம ஊர்ல எவளும் வலிக்குதுன்னு வாயைத் திறந்து சொல்ல மாட்டா. வாயை நம்பாதே, கால் விரலைப் பாரு. வலிச்சா விரல் மடங்கும்." அன்னையிலிருந்து நான் பஸ்ல உட்கார்ந்திருக்கிறவங்க காலைக் கூட பார்க்க ஆரம்பிச்சேன்.

பரிட்சைக்கு ஆளுக்கு ஒருத்தரை வீட்டுல இருந்து கூட்டிட்டு வரணும். அவங்களுக்குத்தான் முழு மசாஜ் செஞ்சு காட்டணும். பிளாக்குல கேட்டேன், ஒருத்தியும் வரல. அம்மா ஒரு வீட்டுல லீவு சொல்லிட்டு, நல்ல புடவையா பார்த்துக் கட்டிக்கிட்டு வந்துச்சு. பரிட்சை வைக்க வெளியிலிருந்து ஒரு எக்ஸாமினர் வந்திருந்தாங்க. அம்மா படுக்கிறதுக்கு முன்னாடி விதிப்படி கேட்டேன். "மேடம், உங்களுக்கு எங்கயாவது வலி இருக்கா?" பெத்தவளை மேடம்னு கூப்பிடறது எனக்கே சிரிப்பா இருந்துச்சு. "அதெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம்"னு அம்மாவும் பதிலுக்குச் சொல்லிட்டு, துண்டைப் போத்திக்கினு குப்புறப் படுத்துச்சு. கொஞ்ச நேரத்துல ஓட்டைக்குள்ள இருந்து குரல் வந்துச்சு. "இந்த டேபிளுக்கு அடியில பெருக்கி எத்தினி நாளாச்சு?" டீச்சர் முகம் செவந்து போச்சு.

முதுகை முடிச்சிட்டு வலது தோளுக்கு வந்தேன். கை வச்சதும் அம்மா கால் விரல் பத்தும் மடங்கிக்கிச்சு.

"மேடம், அழுத்தம் சரியா இருக்கா?"

"சோக்கா கீது."

கையை லேசாக்கினேன். அப்பவும் விரல் நிமிரல. பித்த வெடிப்பு விழுந்த அந்தக் காலைப் பார்த்துக்கிட்டே நின்னேன். என் வீடுங்களோட பாத்திரமும் துணி பக்கெட்டும் அந்தத் தோள்ல தான் இருந்துச்சுன்னு அப்பத்தான் மண்டையில உறைச்சுது. கையை எடுத்துட்டேன். "மேடம், இந்தத் தோளுக்கு நான் மசாஜ் செய்ய மாட்டேன். டாக்டர்கிட்ட காட்டணும்"னு எக்ஸாமினர்கிட்ட சொன்னேன். அம்மா தலையைத் தூக்கி, "செய்யி மேடம், எனக்கு ஒண்ணும் இல்ல!"ன்னு கத்துச்சு. நான் செய்யல. நிறுத்தினது சரி தான், ஆனா பாதியில நின்ன பரிட்சைக்கு மார்க் போட முடியாது, அடுத்த பேட்ச்ல எழுதுன்னுட்டாங்க. அடையாறு வேலை என்கூடப் படிச்ச வேற ஒருத்திக்குப் போச்சு.

பஸ்ல அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கிச்சு. சைதாப்பேட்டை தாண்டினதும் தான் வெடிச்சுது. "கொஞ்ச நேரம் பல்லைக் கடிச்சிக்கினு இருந்தா முடிஞ்சிருக்கும். பொம்பளைக்கு வலிக்காத எடம் எதுடி கீது? அதுக்கோசரம் பரிட்சையை நிறுத்துவியா, கூறு கெட்டவளே?" எனக்கும் கோவம் தலைக்கேறிடுச்சு. "உன் தோளை ஒடச்சித்தான் நான் பாஸாவணுமா?"ன்னு நானும் கத்தினேன். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். ரெண்டு பேரும் மூக்கை உறிஞ்சிக்கினே வந்தோம்.

ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டுப் போனேன். டாக்டர் கையைத் தூக்கிப் பார்த்து வலிக்குதான்னு கேட்டாங்க. "பரவால்ல டாக்டர்"னுச்சு. "டாக்டர், காலைப் பாருங்க"ன்னேன் நான். தோள் மூட்டு இறுகிப் போச்சு, கனம் தூக்கவே கூடாதுன்னுட்டாங்க. கனமான வேலை இருந்த வீடுகளுக்கு நான் திரும்பப் போனேன். கைக்கு ரப்பர் உறை போட்டுக்கிட்டு, கிளாஸையும் விடாம.

அடுத்த பரிட்சை வந்துச்சு. வேற யாரையாவது கூட்டிட்டுப் போறேன்னேன். "எவளையாவது நம்பி இன்னொரு தபா கவுந்துக்காத. நானே வர்றேன்"னு அம்மா கிளம்பிடுச்சு. அந்தத் தோளை விட்டுட்டுச் செய்யலாம்னு முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தேன். இந்தத் தபா வலிச்சா சொல்லணும்னு படியேறும்போதே சத்தியம் வாங்கினேன்.

இடுப்புக்கு வந்து, "மேடம், அழுத்தம் சரியா இருக்கா?"ன்னு கேட்டேன். காலைப் பார்த்தேன், விரல் நிமிர்ந்து தான் இருந்துச்சு. அப்புறம் ஓட்டைக்குள்ள இருந்து ரொம்பச் சின்னதா வந்துச்சு.

"வலிக்குதுடி."

அம்மா வாயில அந்த வார்த்தையை நான் பொறந்ததுல இருந்து கேட்டதில்ல. கையை லேசாக்கினேன். "அங்கதான். ரொம்ப நாளா. அப்பால முட்டி. ராவுல மணிக்கட்டு கூட." நான் ஒவ்வொரு இடமா போனேன். எண்ணெய்க் கையால கண்ணைத் துடைக்க முடியல, அப்படியே வழிய விட்டுட்டேன்.

வெளியில வந்து படியிறங்கும்போது அம்மா என் முழங்கையைப் பிடிச்சுது. "எல்லாத்தையும் சொல்லிட்டேனே, மார்க்கைக் கொறச்சிட்டாங்களா?"

"இல்லம்மா. பாஸு."

நம்பாம என் மூஞ்சியைப் பார்த்துச்சு. கீழ பாத்திரக் கடை வாசலுக்கு வந்ததும் நின்னு கேட்டுச்சு.

"அப்போ வலிக்குதுன்னு சொன்னா ஒண்ணும் ஆவாதாடி?"