ஸ்டெல்லா டீச்சர் முதலில் படம் காட்டிய வீடு

ஸ்டெல்லா டீச்சரின் மறைவு எனக்கு ஒரு கேள்வியாகத்தான் வந்து சேர்ந்தது. கேட்டவள் ஜெனிஃபர். மூணாறில் எங்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்தவள். இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். "சார், டீச்சர் போட்டோவ வச்சு ஒரு மெசேஜ் சுத்துது. நெசமா சார்? உறுதியாத் தெரியாம யாரும் ஷேர் பண்ணாதீங்கன்னு குரூப்புல சொல்லிட்டேன்." நான் டீச்சரின் கணவர் அந்தோணி அண்ணனைப் போனில் அழைத்தேன். அவரால் பேச முடியவில்லை. ஜெனிஃபரைத் திரும்பக் கூப்பிட்டு, "நெசந்தாம்மா" என்றேன். செய்தியைச் சரிபார்க்கச் சொல்லிக்கொடுத்தவரின் சாவையும் பிள்ளைகள் சரிபார்த்துவிட்டுத்தான் அழுதார்கள்.

அவர் கணக்கு டீச்சர்; நான் தமிழ். பள்ளிக்குக் கேமராவும் கம்ப்யூட்டர்களும் வந்தபோது, பிள்ளைகளுக்குப் படம் எடுக்கவும் செய்தியைச் சரிபார்க்கவும் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை ஏற்க ஆள் கேட்டார்கள். நாங்களெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கையைத் தூக்கினார். எடிட்டிங் என்றால் என்னவென்று அவருக்கும் தெரியாது. அதை மறைக்கவுமில்லை. "எனக்குத் தெரியாதுடா, நீ சொல்லு, கேட்டுக்கிறேன்" என்று ஒன்பதாம் வகுப்புப் பையன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

முதல் வேலையாக, பள்ளியைப் படம் எடுத்துவரச் சொன்னார். ஒரு குழு, பனி மூடிய மைதானத்தையும் வாசலில் பூத்த செடிகளையும் எடுத்தது. இன்னொரு குழு, தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக் கதவை எடுத்தது. எது உண்மையான பள்ளி என்று சண்டை வந்தது. "ரெண்டும் நம்ம ஸ்கூல்தான். எத எடுத்த, எத விட்ட, எதுக்கு விட்டன்னு கேட்டா பதில் சொல்லத் தெரியணும்" என்றார். தலைமையாசிரியர் முகம் சுளித்தும், டீச்சர் இரண்டு படங்களையும் ஒரே சுவரில் ஒட்டினார்.

அந்தக் கேள்விக்கு எங்கள் பிள்ளைகள் பதில் சொல்ல வேண்டிய நாளும் வந்தது. குறும்படப் போட்டிக்காகச் சின்னக்கானலில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான ஒரு லயத்துக்குப் போனோம். அங்கே முருகேஸ்வரி என்ற கொழுந்து எடுக்கும் அம்மா, யானை மிதித்துக் கணவரை இழந்தவர். மணிக்கணக்கில் பேசினார். இடையில் உடைந்து அழுதார். ஜெனிஃபர்தான் கேமரா. அந்த அழுகையை நடுவில் வைத்து, பின்னால் வயலின் சேர்த்து, பிள்ளைகள் படத்தை முடித்தார்கள். பார்த்த ஆசிரியர்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். பரிசு நமக்குத்தான் என்று பேச்சானது.

"அந்தம்மா பாத்தாச்சா?" என்று மட்டும் கேட்டார் ஸ்டெல்லா டீச்சர்.

மறுபடியும் ஜீப் ஏறினோம். மலைப்பாதையில் அவருக்குக் குமட்டும். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தார். முருகேஸ்வரி அம்மா தன் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, மடிக்கணினியில் தன்னைப் பார்த்தார். முடிந்ததும் மடிக்கணினியை டீச்சர் பக்கம் தள்ளினார்.

"அழுதது பொய்யில்ல டீச்சர். ஆனா இதப் பாத்தா ஐயோ பாவம்னுட்டுப் போயிருவாக. பாதையில லைட்டு இல்ல, இருட்டுல யானை நிக்கிறது தெரியலன்னு சொன்னேனே, அது எங்க?"

ஜெனிஃபர் தலை குனிந்தாள். "அந்த நேரம் ஜீப்பு போச்சுக்கா. ஒரே இரைச்சல். அதான் வெட்டிட்டோம்."

"இரைச்சல் இருந்தா இருக்கட்டும் தாயி. அதத்தான் நான் சொல்ல வந்தேன்."

திரும்பும் வழியில் ஜெனிஃபர் அழுதாள். அந்த அழுகைக் காட்சி போனால் படத்தில் ஒன்றுமே இருக்காது என்றாள். டீச்சர் அவளைத் திட்டவில்லை. தோளில் கை போட்டுக்கொண்டு, "அவங்க வீட்டுத் துக்கத்த நம்மகிட்டக் குடுத்தாங்கடி. அத வச்சு என்ன பண்ணணும்னு அவங்கதான் சொல்லணும்" என்றார். அழுகையும் வயலினும் போயின. ஜீப் சத்தத்தோடு அந்தப் பேச்சு வந்தது. போட்டியில் பரிசு கிடைக்கவில்லை. ஒலிப்பதிவு சரியில்லை என்றார்கள்.

முருகேஸ்வரி அம்மா படத்தைத் தன் போனில் வாங்கிவைத்துக்கொண்டு, பஞ்சாயத்து மெம்பரிடமும் கேட்டவர்களிடமும் காட்டினார். அடுத்த மழைக்காலத்துக்கு முன் அந்தப் பாதையில் விளக்குகள் வந்தன. பள்ளி ஆண்டுமலரில் 'எங்கள் படத்தால் வந்த வெளிச்சம்' என்று தலைப்புப் போட ஜெனிஃபர் ஆசைப்பட்டாள். "தேர்தலும் வந்துச்சுல்ல? எதனாலன்னு நமக்குத் தெரியாது. தெரியாதுன்னே எழுது" என்று சிரித்தார் டீச்சர். அப்படியே எழுதினாள்.

டீச்சரின் அடக்கத்துக்கு முருகேஸ்வரி அம்மா அன்றைய வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். ஜெனிஃபரைக் கட்டிக்கொண்டு நின்றார். யாரும் படமெடுக்கப் போனைத் தூக்கவில்லை.

ஒருவரைப் பற்றிய எதையும் அவருக்கோ அவரைச் சேர்ந்தவருக்கோ காட்டாமல் வெளியே விடக் கூடாது என்ற பழக்கத்தை ஸ்டெல்லா டீச்சரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன். இந்தக் கட்டுரையை அந்தோணி அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். ஆஸ்பத்திரி நாட்களைப் பற்றி இதில் ஒரு பத்தி இருந்தது. "அது வேணாம் தம்பி. அவ அப்படிக் கெடந்தத மத்தவங்க நெனைக்க வேணாம்" என்றார். நன்றாக எழுதியிருந்த பத்திதான். எடுத்துவிட்டேன்.