இரட்டை டேப் வீரய்யா

முகம் கழுவுவதற்கு முன்னால் வேனைத் துடைத்துக்கொண்டிருக்கிறார் வீரய்யா. வட்டகொடையில் இன்னும் பனி விலகவில்லை. துடைத்துக்கொண்டே வந்து, இடப்பக்க முன்கதவுக்குள் கைவிட்டு பவர் ஷட்டர் ஸ்விட்சைத் தட்டுகிறார். கண்ணாடி ஏறுகிறது. உச்சியைத் தொட்டதும் சூடு பட்டதுபோல் பாதிக்கு இறங்கிவிடுகிறது.

"சனியனே, ஏறுனா அங்கயே நில்லேன்."

ஒரு வாரமாக இதே பேச்சு. கண்ணாடியும் இதே பதிலைத்தான் சொல்கிறது.

வீரய்யா லேசுப்பட்ட ஆள் இல்லை. மூன்றாம் வகுப்போடு சிலேட்டைக் கீழே வைத்தவர். தேயிலைக் கொழுந்து லொறியில் கிளீனராக ஏறி, அதே லொறிக்கு டிரைவராகி, இன்று தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் சொந்த வேனை நிறுத்தியிருக்கிறார். "ஸ்டார்ட் பண்ற சத்தத்துலயே வியாதியச் சொல்லிருவேன். எஞ்சினியரெல்லாம் எங்கிட்ட வரணும்." வாடகை ஹயருக்கு ஏறுகிறவர்கள் முதல் வளைவு முடிவதற்குள் இதைக் கேட்டாக வேண்டும். வேறு யாராவது கதவைச் சாத்தினால் அவருக்குப் பொறுக்காது. திறந்து, தானே மறுபடி சாத்துவார்.

மனைவி நாகலெட்சுமிக்கு மூச்சிழுப்பு. மாதாமாதம் நுவரெலியா கிளினிக்குப் போக வேண்டும். கண்ணாடியை முழுக்க மூடினால் வளைவுகளில் அவளுக்கு மூச்சு முட்டும். திறந்தால் சாரல் நெஞ்சில் இறங்கும். அதற்காகத்தான் கண்ணாடிக்கு மேலே மழையை மறிக்கும் கறுப்பு வைசர் தகடு வாங்கினார். கண்ணாடி ஏறி இறங்கும் ரப்பர் பள்ளத்துக்குள் செருகி ஒட்டுகிற ரகம். தலவாக்கலைக் கடைக்காரர் சரிபுதீன் ஒட்டித் தருகிறேன் என்றார். வீரய்யா விடுவாரா? "நம்ம ஊரு பனிக்கு ஒத்த டேப்பு எம்மாத்திரம்?" என்று டேப்புக்கு மேல் டேப் போட்டுத் தானே அழுத்தினார்.

அன்று மாலையே கோளாறு. கதவின் உள் அட்டையைக் கழற்றினார். மோட்டாருக்குக் கிரீஸ் வைத்தார். ஃபியூஸ் மாற்றினார், ஸ்விட்சும் மாற்றினார். தான் ஒட்டிய தகட்டை மட்டும் தொடவில்லை. குனிந்து குனிந்து முதுகு விட்டுப்போய், நேற்று சரிபுதீனிடம் போய் நின்றார்.

சரிபுதீன் தகட்டை விரலால் தடவிப் பார்த்தார். "அண்ணே, மோட்டர்ல ஒண்ணுமில்ல. கண்ணாடி போற வழி இறுகிப் போச்சி. யாரோ கைய வச்சிட்டாங்கன்னு நெனச்சி அது எறங்குது. ரெண்டு டேப்பு போட்டீங்களா?"

"நான் ஒட்டுனதுல பிழை வராது."

"கழட்டிட்டு நான் ஒட்டித் தாறேனே."

"நீ பொறக்குறதுக்கு முந்தியே ஸ்டியரிங் புடிச்சவன் நான், தம்பி." கதவைத் தானே சாத்திக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இன்று கிளினிக். நாகலெட்சுமி சால்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தாள். தூறல் சீட்டை நனைத்துக்கொண்டிருந்தது.

"ஏங்க, இன்னும் மூடலையா?"

"மூடும், மூடும். நீ ஏறு."

"நான் பஸ்லயே போய்க்கிறேன். நீங்களும் வேனும் பேசி முடிச்சிட்டு வாங்க." சிரிக்க வந்தவளை இருமல் மறித்தது. நாலு எட்டு நடந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சத்தத்தில் வியாதி சொல்கிறவருக்கு அவள் நெஞ்சில் விசிலடிப்பது அங்கிருந்தே கேட்டது. கீழ் வளைவில் பஸ் ஹோர்ன் அடித்தது.

வீரய்யா இரண்டு கையாலும் தகட்டைப் பிடித்துப் பெயர்த்தார். அது நடுவில் முறிந்தது. பள்ளத்தில் கிடந்த டேப்பை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு ஸ்விட்சைத் தட்டினார். கண்ணாடி ஏறியது. ஏறி, அங்கேயே நின்றது.

நனைந்த சீட்டைத் தன் துண்டால் துடைத்தார். "வா புள்ள. போற வழியில சரிபுதீன் கடையில நிப்பாட்டணும். வேற ஒண்ணு வாங்கி, அவனையே ஒட்டச் சொல்றேன்."

நாகலெட்சுமி ஏறினாள். கதவைத் தானே இழுத்துச் சாத்தினாள். திறந்து சாத்தப் பழகிய வீரய்யாவின் கை கைப்பிடிக்குப் போனது. அதன்மேல் நின்ற தூறலை மட்டும் துடைத்துவிட்டு, அவர் மறுபக்கம் சுற்றி நடந்தார்.