கட்டிலோரத்துப் பட்டன்

என் அக்கா தையல் மெஷின் மெக்கானிக். ரெடிமேட் துணி தைக்கிற கம்பெனியில் எண்பத்திரண்டு மெஷின்களுக்கு அவள் ஒருத்திதான். வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. நன்றாக ஓடுகிற ஃபேனையும் ஒரு தடவை கழற்றிப் பார்த்தால்தான் தூக்கம் வரும். கொஞ்ச காலமாக அந்தச் சின்ன வைஃபை போர்டுகள் மேல் பைத்தியம். விரல் நீளம்தான் இருக்கும், நாம் எழுதித் தருகிற புரோகிராமை அப்படியே செய்யும், போனுக்குச் செய்தி அனுப்பும். தொட்டி நிரம்பினால் சொல்லட்டும் என்று எங்கள் வீட்டில் ஒன்றை மாட்டினாள். காலித் தொட்டியையும் நிரம்பிவிட்டதாக அது அடித்துச் சொல்லும். அவளிடம் குறை சொன்னால் தொட்டி மேல்தான் பழி போடுவாள்.

மாமா, அதாவது அவள் கணவர், ஸ்கூல் வேன் ஓட்டினார். ஓயாத வாய். "கொஞ்சம் வாயை மூடுங்களேன்" என்று சொல்லியே அக்காவுக்குப் பாதி ஆயுள் போயிருக்கும். போன வருடம் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் போயின. புத்தி தெளிவாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். நாங்கள் அதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டோம், அவ்வளவுதான்.

கம்பெனி இரண்டு தெரு தள்ளித்தான். கூப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் ஓடி வந்துவிடலாம், ஆனால் கூப்பிட அவருக்குக் குரல் இல்லையே. அதனால் அக்கா ஒரு பட்டன் செய்தாள். கட்டிலில் இடது கைப் பக்கம் சிவப்பாக ஒரு பட்டன், அதன் அடியில் ஒரு டப்பாவுக்குள் போர்டு. அழுத்தினால் போர்டு விழித்து வைஃபையைப் பிடிக்கும், அக்காவின் போன் அடிக்கும். பிளக் எதிர்ச் சுவரில் இருந்ததால், வீட்டில் கிடந்த காலிங் பெல் வயரைச் சுவரோரமாக இழுத்துப் போன் சார்ஜரிலிருந்து கரண்ட் கொடுத்தாள்.

மூன்று வாரம் போன் அடிக்கவே இல்லை. அக்காவுக்கு நிம்மதி. "பகல்ல அவருக்கு ஒண்ணும் தேவைப்படலைடா" என்றாள். ஆனால் சாயங்காலம் வந்தால் படுக்கை நனைந்திருக்கும். ஒரு நாள் தண்ணீர் டம்ளர் கீழே உருண்டு கிடந்தது, அவர் உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"பட்டனை அழுத்தியிருக்கலாம்ல? எதுக்குங்க அதை வச்சிருக்கேன்?"

மாமா இடது கையால் பட்டனைத் தட்டித் தட்டிக் காட்டினார். தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. அக்கா உடனே லேப்டாப்பை எடுத்து வந்து, கேபிளைப் போர்டில் சொருகி, திரையைப் பார்த்தபடி பட்டனை அழுத்தினாள். போன் கணீரென்று அடித்தது.

"பாருங்க, நல்லாத்தான் வேலை செய்யுது."

மாமா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் அக்காவை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய், "விடுக்கா, மாமாவுக்கு மூளை கொஞ்சம் மந்தமாயிடுச்சு, எப்ப அழுத்தணும்னு தெரியல" என்றேன். கதவு திறந்துதான் இருந்தது. அவர் காதில் விழுந்திருக்கும். இதை எழுதும்போது என் வாயில் நானே ஒரு அறை விடலாம் போலிருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பை நான் இரவல் வாங்கிப் போயிருந்தேன். பட்டனில் படிந்த தூசியைத் துடைக்கும்போது அக்காவின் விரல் பட்டு அது அழுந்தியது. போன் அடிக்கவில்லை. போர்டிலிருந்த நீல விளக்கு மட்டும் இரண்டு முறை சிமிட்டியது. முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது அப்படித்தான் சிமிட்டும். மீட்டரை வயரில் வைத்துக்கொண்டு இன்னொரு தடவை அழுத்தினாள். மறுபடியும் அதே சிமிட்டல்தான், போன் ஊமையாகக் கிடந்தது. மீட்டரில் ஐந்து வோல்ட் அசையாமல் நின்றது.

ஆனால் அவள் மெஷின்காரி. காலையில் எல்லா மெஷினையும் ஒரே நேரத்தில் கிளப்பினால் கம்பெனி விளக்குகள் ஒரு கணம் மங்குவதைத் தினமும் பார்க்கிறவள். சும்மா கிடக்கும் போர்டு வைஃபையைப் பிடிக்க எழுந்ததும் ஒரேயடியாகக் கரண்டை இழுக்கிறது. அந்த மெல்லிய பெல் வயரில் அவ்வளவு கரண்ட் வந்து சேர்வதில்லை. வோல்ட் சடாரென்று விழுகிறது, போர்டு செத்துப் பிழைக்கிறது, பிழைக்கும்போது பட்டனை அழுத்தியதே அதற்கு மறந்துபோகிறது. எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுவதால் மீட்டருக்குத் தெரிவதில்லை. சோதிக்கும்போதெல்லாம் லேப்டாப் கேபிளைச் சொருகினாளே, அந்தக் கேபிள் வழியாகவே நல்ல கரண்டும் சேர்ந்து போயிருக்கிறது. சரியாக ஓடுகிறதா என்று பார்க்க வந்தவளே அதை ஓட வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

தடித்த வயர் வாங்கினாள். பிளக்கைக் கட்டிலோரம் மாற்றினாள். போர்டின் கால்களிலேயே ஒரு கண்டென்சரைப் பற்றவைத்தாள், ஒரு மடக்கு கரண்டை அது கையிருப்பாக வைத்திருக்கட்டும் என்று. லேப்டாப் இல்லாமல் இருபது தடவை அழுத்தினாள், இருபது தடவையும் போன் அடித்தது. ஒரு மணி நேர வேலை.

பிறகுதான் லேப்டாப்போடு நான் வந்தேன். வோல்ட் விழுந்து போர்டு எழுந்த ஒவ்வொரு தடவையையும் கரண்ட் போனாலும் அழியாத இடத்தில் குறித்து வைக்கிற வரி ஒன்று புரோகிராமில் இருந்தது. நெட்டில் யாரோ எழுதியிருந்த புரோகிராமை இறக்கியபோது அதுவும் கூடவே வந்திருக்கிறது. அக்கா அந்த எண்ணைத் திரையில் எடுத்தாள்.

அறுபத்தொன்று.

"இதுல நான் அழுத்தினது ரெண்டு தடவைதான்டா" என்றாள். திரையின் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். எண்பத்திரண்டு மெஷினை அடக்குகிற கை அது.

கொஞ்ச நேரம் கழித்து மாமாவிடம் போனாள். "என்னங்க, தப்பு என் மேலதான். இப்ப சரி பண்ணிட்டேன். ஒரே ஒரு தடவை அழுத்துங்க." அவர் அவளையே பார்த்தார். அவர் விரலை எடுத்து அவளே பட்டன் மேல் வைத்து அழுத்தினாள். போன் அடித்தது. அவர் கையை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் ஆகிறது. அக்கா போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு வேலை செய்கிறாள். பகலில் அது ஒரு தடவைகூட அடித்ததில்லை. சாயங்காலம் வந்து நனைந்த விரிப்பை மாற்றுகிறாள், ஒரு வார்த்தை கடிந்து பேசுவதில்லை. காலையில் கிளம்பும் முன் பட்டனை அவளே ஒரு தடவை அழுத்திப் பார்க்கிறாள். போன் கணீரென்று அடிக்கிறது. மாமா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார்.