மெஷின் போகாத இடம்

மகள் குழந்தையோடு ஊருக்கு வருகிறாள் என்று தெரிந்ததும் எனக்கு வந்த முதல் கவலை தரையைப் பற்றியதுதான். எங்கள் வீடு கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலைப்பாதை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. ஏற்காடு போகிற வண்டிகள் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகும். காலையில் கூட்டித் துடைத்துவிட்டு மதியம் வெறுங்காலோடு நடந்தால், பாதம் திருநீறு பூசியதுபோல வெளுத்துவிடும். பேரன் அப்போதுதான் நடை பழகியிருந்தான். நடப்பதைவிட விழுவதும், தரையில் கிடப்பதை எடுத்து வாயில் போடுவதும்தான் அதிகம் என்று மகள் சொல்லியிருந்தாள்.

எனக்கு மூட்டு ஆபரேஷன் முடிந்திருந்தது. குனியக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த பெண், மகனுக்குத் திருப்பூரில் வேலை கிடைத்ததென்று குடும்பத்தோடு போய்விட்டாள். அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்தேன். ஆள் அமையவில்லை.

"ரோபோ ஒண்ணு வாங்கிக்கோம்மா. அதுவே கூட்டும், அதுவே துடைக்கும். நீ காலத் தூக்கி சோபாமேல வச்சுக்கிட்டு டிவி பாரு" என்றாள் மகள், அமெரிக்காவிலிருந்து.

என் கணவர் இறந்து அப்போது ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர் திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே பல ஊர்கள் சுற்றியவர். உடம்பு ஒத்துழைக்காமல் போனதும் சேலத்தில் ரிக் சாமான் கடை வைத்து, இந்த வீட்டைக் கட்டினார். ஒரு நாள் காலையில் காபி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தவர், அப்படியே சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

மகளுக்கு அப்போது நிறைமாதம். விமானத்தில் ஏற்றமாட்டார்கள். யாரோ ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்து அவளுக்கு வீடியோவில் காட்டினார். காட்டியவர் அழுதுகொண்டே காட்டினார் போலிருக்கிறது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கூட்டத்தின் தலைகளும், சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியும், யாருடைய முதுகோ ஒன்றும்தான். இதை அவள் என்னிடம் ஒருமுறை சொன்னாள். அதன் பிறகு அந்த நாளைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் பேச்செடுக்கவில்லை. தினமும் பேசினோம். குழந்தைக்குப் பல் முளைத்ததை, எனக்கு முட்டி வலிப்பதைப் பேசினோம். அந்த ஒரு நாளை மட்டும் சுற்றிக்கொண்டு போனோம்.

மெஷின் வாங்க என் கொழுந்தனாரைக் கூட்டிக்கொண்டு சேலத்தில் ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு பெரிய கடைக்குப் போனேன். தன் அண்ணன் போன பிறகு எனக்கு எது என்றாலும் ஆட்டையாம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்து நிற்கிறவர் அவர்தான். கடையில் வட்ட வட்டமாக, தோசைக்கல்லைக் கவிழ்த்து வைத்ததுபோல வரிசையாக வைத்திருந்தார்கள். விற்கிற பெண் தரையில் ஒரு கை பொரியை இறைத்து, பக்கத்தில் கொஞ்சம் டீயையும் ஊற்றி, ஒரு மெஷினை விட்டுக் காட்டினாள். அது பொரியைத் தின்றுகொண்டே போய், டீயை இழுத்துத் துடைத்துவிட்டுத் திரும்பி வந்தது.

மகள் வீடியோ அழைப்பில் இருந்தாள். கொழுந்தனார் போனைப் பிடித்துக்கொண்டார்.

"இதுல கேமரா இருக்குதுங்கம்மா. எதிர்ல செருப்பு கெடந்தாக் கூடப் பாத்து ஒதுங்கிப் போகும்" என்றாள் கடைப் பெண்.

"கேமராவா? ஊட்டுக்குள்ள கண்ணு வச்ச சாமான் சுத்தறதுங்களா? அது வேண்டாமுங்க அண்ணி" என்றார் கொழுந்தனார். எனக்கும் பிடிக்கவில்லை. ஆளில்லாத வீட்டில் என்னை ஒன்று பார்த்துக்கொண்டே திரிவதை நினைத்தாலே ஒரு மாதிரி இருந்தது.

இன்னொன்று வெறுமனே முட்டி முட்டித் திரும்பும் வகை. கூட்டுவதோடு சரி, துணியை ஈரமாக்கிப் பெயருக்கு இழுக்கும். "அது வேண்டாம், லேசர் இருக்கறத எடுங்க சித்தப்பா. அது வீட்டையே அளந்து மேப் போட்டுக்கும். தண்ணி டேங்க் பெருசா இருக்கணும்" என்றாள் மகள். மெஷின் உயரம் என்ன, கட்டிலுக்கடியில் போகுமா, வாசற்படி மேட்டில் ஏறுமா, மாடிப்படியில் உருண்டு விழுந்துவிடுமா என்று அங்கிருந்தே ஒவ்வொன்றாகக் கேட்டாள். "விழாதுங்க. அடியில சென்சார் இருக்குது, பள்ளம் வந்தா நின்னுக்கும்" என்றாள் அந்தப் பெண். கடைசியில் லேசருக்காகத் தலையில் சின்னக் கொண்டை வைத்த மாதிரி இருந்த ஒன்றை முடிவு செய்தோம். கறுப்பு வேண்டாம், வெள்ளை எடுத்துக்கொள்கிறேன் என்று மட்டும் நான் சொன்னேன்.

மறுநாள் கடையிலிருந்து ஒருவர் வந்து, சார்ஜ் ஏற்றும் பெட்டியை டிவிக்குக் கீழே வைத்து, வைஃபையில் இணைத்து, மகளிடம் போனில் பேசி அவளுடைய செல்போனிலும் தெரிகிற மாதிரி செய்துகொடுத்தார். "முதல் தடவ ஊடு பூராச் சுத்தி அளந்துக்குமுங்க. நீங்க ஒண்ணுஞ் செய்ய வேண்டாம்" என்று பட்டனை அழுத்திவிட்டுப் போனார்.

நான் சோபாவில் உட்கார்ந்துகொண்டேன். மெஷின் முதலில் சுவரோரமாகப் போனது. சாப்பாட்டு மேஜையின் கால்களை ஒவ்வொன்றாகச் சுற்றியது. பூஜை அறை வாசல்வரை போய்த் திரும்பியது. பிறகு ஹாலின் நடுவுக்கு வந்தது. அங்கே நின்றுவிட்டது.

எங்கள் ஹாலின் நடுவில் கறுப்புக் கிரானைட்டில் ஒரு பெரிய சதுரம் இருக்கிறது. சுற்றிலும் வெள்ளை டைல்ஸ், நடுவில் மட்டும் கறுப்பு, எல்லாம் ஒரே மட்டம். வீடு கட்டும்போது என் கணவர் பாலிஷ் பட்டறைக்கே போய் நின்று தேர்ந்தெடுத்துப் போட்டது. மெஷின் அதன் விளிம்புக்கு வந்து நின்றது. கொஞ்சம் பின்வாங்கியது. வேறு பக்கமாகப் போய் மறுபடி விளிம்பைத் தொட்டது. மறுபடி பின்வாங்கியது. நான்கு பக்கமும் அப்படியே செய்தது. உள்ளே மட்டும் போகவில்லை.

அவரை அங்கேதான் கிடத்தியிருந்தோம்.

பட்டப்பகல். வாசலில் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போகின்றன. எழுந்து போய் அதைத் தூக்க நினைத்தேன். எழுந்தபோதுதான் இன்னொன்று புரிந்தது. நானும் அந்தக் கல்லின்மேல் கால் வைப்பதில்லை. முன்பு அங்கே ஒரு டீபாய் கிடந்தது. அன்றைக்கு இடம் வேண்டுமென்று அதை வெளியே தூக்கிப் போட்டவர்கள் திரும்ப உள்ளே கொண்டுவரவில்லை. நானும் கேட்கவில்லை. சமையலறையிலிருந்து வாசலுக்குப் போக நேர்வழி அந்தக் கல்லின்மேல்தான். இத்தனை நாளாக நான் சோபாவை ஒட்டிச் சுற்றிக்கொண்டுதான் போயிருக்கிறேன். எனக்கே தெரியாமல்.

சாயங்காலம் கொழுந்தனார், மெஷின் எப்படி இருக்கிறதென்று பார்க்க வந்தார். மறுபடி ஓடவிட்டேன். அது விளிம்பில் நின்று பின்வாங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "ஏனுங்க அண்ணி, இது எதுக்கு அங்க போக மாட்டேங்குது?" என்றார். அவரே குனிந்து மெஷினைத் தூக்கி, கறுப்புக் கல்லின் நடுவில் வைத்தார். அது ஒரு அடிகூட நகரவில்லை. உள்ளிருந்து ஒரு பெண்குரல் இங்கிலீஷில் பேசியது. கீழே பள்ளம் இருக்கிறது, என்னை வேறு இடத்தில் வையுங்கள் என்று சொன்னது. அது திரும்பத் திரும்ப அதையே சொன்னது.

கொழுந்தனார் அவசரமாக அதை எடுத்து வெள்ளைத் தரையில் வைத்தார். பிறகு சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கே குடுத்துட்டு வேற வாங்கிக்கலாமுங்க" என்றார். தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

கடைக்குப் போன் செய்து கேட்டேன். "கருப்புத் தரையாங்கம்மா? அதுதான். அடியில இருக்கற சென்சாருக்குக் கருப்புன்னா பள்ளம் மாதிரித் தெரியும். விழுந்துருவோம்னு நிக்குது. வேற மாடல் இருக்குதுங்க, அதுக்கு இந்தத் தொந்தரவு வராது. கொண்டு வாங்க, மாத்திக் குடுக்கறோம்" என்றாள் அந்தப் பெண். சாதாரண விஷயம். காரணம் தெரிந்துவிட்டால் பயம் போய்விட வேண்டும் அல்லவா? எனக்குப் போகவில்லை. அது பள்ளம் என்று சொன்னது எனக்குப் பொய்யாகவும் படவில்லை.

மறுநாள் காலை மகள் கூப்பிட்டாள்.

"அம்மா, மேப் வந்துருச்சு. உன்ற ரூம், என்ற ரூம், கிச்சன் எல்லாம் தெரியுது. ஹால்ல மட்டும் நடுவுல ஒரு ஓட்டை மாதிரி இருக்குது. அங்க என்னம்மா வச்சிருக்க?"

"ஒண்ணும் வைக்கல."

"ஒண்ணும் இல்லன்னா போயிருக்குமே."

"கறுப்புக் கல்லும்மா. அதுக்குப் பள்ளமாத் தெரியுதாம். மாத்திக் குடுக்கறேன்னு சொல்லிட்டாங்க."

அவள் மேப்பை மறுபடி பார்த்திருக்க வேண்டும்.

"அப்பாவ அங்கதான் படுக்க வச்சிருந்தீங்களா?"

"ஆமா சாமி."

"தலை எந்தப் பக்கம்?"

சொன்னேன். தலை தெற்கே, சமையலறைப் பக்கம். கால் வாசலைப் பார்த்து. ஐஸ் பெட்டியில்தான் வைத்திருந்தோம். அவளுடைய அத்தை தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் வலது பக்கம். பெட்டியின் கண்ணாடியில் நீர் பூத்துப் பூத்து முகம் மறைந்துவிடும், நான் முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தேன். வெள்ளை வேட்டி, அவள் தீபாவளிக்கு எடுத்து அனுப்பிய சட்டை. தாடையைக் கட்டியிருந்த துணி கொஞ்சம் இறுக்கமாக இருப்பதாக எனக்குத் தோன்றியது, தளர்த்தச் சொன்னேன், யாரும் கேட்கவில்லை. இதையெல்லாம் அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. நான் நிறுத்தும்போதெல்லாம் அவள், "அப்பறம்?" என்றாள்.

"அந்த மெஷின இப்ப மாத்தாத. நான் வந்து பாத்துக்கறேன்" என்றாள்.

அந்த வாரமே வந்து இறங்கினாள். உள்ளே வந்ததும் குழந்தையை என் கையில் கொடுத்தாள். பெட்டிகள் வாசலிலேயே கிடந்தன. நேராக ஹாலுக்குப் போனாள். கறுப்புக் கல்லின் விளிம்பில் செருப்பில்லாத காலோடு சற்று நின்றாள். பிறகு மேலே ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள், தெற்கே தலை வைத்து அப்படியே மல்லாந்து படுத்துக்கொண்டாள்.

"எந்திரி சாமி, அங்க அப்பிடிப் படுக்காத. எந்திரிச்சு வா" என்று கத்தினேன். அவள் எழவில்லை. மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே, "இது மட்டுந்தாம்மா அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சுது" என்றாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. வாய்விட்டு, பெரிதாக, வாசலில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அழுதாள். என் கையிலிருந்த குழந்தை இறங்கத் திமிறியது. இறக்கிவிட்டேன். அவன் தள்ளாடிக்கொண்டே போய்க் கல்லின்மேல் ஏறினான். கல்லில் தெரிந்த தன் முகத்தைக் கையால் தட்டித் தட்டிப் பார்த்தான். நான் போகவில்லை. போக முடியவில்லை. விளிம்பிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் இருந்த நாட்களில் அந்தக் கல்லை அவளேதான் துடைத்தாள். தினமும் காலையில், மெஷின் மற்ற இடங்களைத் துடைத்துவிட்டுப் போன பிறகு, மண்டியிட்டு, பழைய துணியால் துடைத்தாள். ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பு அவளே சொன்னாள்: "மாத்திரலாம்மா. நான் போனதுக்கப்பறம் உன்னால குனிய முடியாது. அந்த எடம் தூசியாக் கெடக்கும்."

இருவரும் கடைக்குப் போனோம். இந்தமுறை மகள் கையோடு ஒரு கறுப்பு சால்வையைக் கொண்டுவந்திருந்தாள். அதைத் தரையில் விரித்து, ஒவ்வொரு மெஷினாக அதன்மேல் விடச் சொன்னாள். இரண்டு பின்வாங்கின. ஒன்று தயங்கி ஏறியது. ஒன்று மட்டும் எதுவும் இல்லாததுபோல நேராகப் போனது. அதை எடுத்துக்கொண்டோம். முன்னதைவிட இது சத்தம் கூட. அவள் பரவாயில்லை என்றாள்.

புதியது கறுப்புக் கல்லின்மேல் எந்தத் தயக்கமும் இல்லாமல் ஏறி, குறுக்கும் நெடுக்குமாகத் துடைத்துவிட்டு இறங்கியது. மகள் செல்போனில் புது மேப்பைக் காட்டினாள். ஹால் முழுசாக இருந்தது, நடுவில் ஓட்டை இல்லை. நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தேன். அவரை இன்னொருமுறை தூக்கிக்கொண்டு போனதுபோலத்தான் இருந்தது. மகளிடம் சொல்லவில்லை. அவளும் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுச் செல்போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அவள் போன பிறகு வீடு பழையபடி ஆனது. ஒருநாள் பகலில் கட்டிலில் சாய்ந்திருந்தேன். ஹாலில் திடீரென்று மெஷின் கிளம்பும் சத்தம். நான் எதையும் அழுத்தவில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். மெஷின் பெட்டியிலிருந்து இறங்கி, வேறெங்கும் திரும்பாமல் நேராகக் கறுப்புக் கல்லுக்குப் போனது. அந்தச் சதுரத்தை மட்டும் வரிவரியாகத் துடைத்தது. துடைத்து முடித்ததும் வந்த வழியே திரும்பிப் போய் நின்றுகொண்டது. கல் ஈரத்தில் மினுங்கியது.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"பயந்துட்டியாம்மா? நாந்தான். இங்கிருந்தே மேப்புல அந்த எடத்தக் கட்டம் போட்டு அனுப்பலாம்" என்றாள். அவளுக்கு அப்போது அங்கே ராத்திரி. குரல் அழுத குரலாக இருந்தது. ஏன் தூங்கவில்லை என்று நான் கேட்கவில்லை.

இப்போதும் அது அவ்வப்போது நடக்கிறது. மதியத்தில், சில நாள் விடிந்ததும், மெஷின் தானாகக் கிளம்புகிறது. நடுவில் இருக்கிற அந்தக் கல்லை மட்டும் துடைத்துவிட்டுத் திரும்புகிறது. முன்பெல்லாம் உடனே போன் வரும். இப்போது வருவதில்லை. நானும் கூப்பிட்டுக் கேட்பதில்லை. சத்தம் கேட்டதும் செய்கிற வேலையை விட்டுவிட்டு வந்து சோபாவில் உட்காருகிறேன். அது துடைத்து முடித்து, ஈரம் காய்கிறவரை அங்கேயே இருக்கிறேன்.