பன்னிரண்டு வரை எண்ணினேன்

விருதுநகரில் நான் பி.எஸ்சி. இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். தாயில்பட்டிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊருக்கு என் படிப்பால் ஒரே ஒரு பிரயோஜனம்தான். எங்காவது பட்டாசுக் கம்பெனி வெடித்தால், வெளிச்சம் தெரிந்ததிலிருந்து சத்தம் வந்து சேரும்வரை எண்ணி, எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடுவேன். வெளிச்சம் கண் இமைக்கும் முன் வந்துவிடும். சத்தத்துக்குக் கிலோமீட்டருக்கு மூன்று நொடி வேண்டும். இதற்குக் கல்லூரிக்கே போக வேண்டியதில்லை. ஆனால் நின்று எண்ணுகிற நிதானம் எங்கள் ஊரில் யாருக்கும் கிடையாது. வெடித்ததும் பெண்கள் அடுப்பை அப்படியே போட்டுவிட்டுச் செருப்பில்லாமல் ஓடுவார்கள்.

அந்த ஓட்டத்தைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். எந்தக் கம்பெனி என்று தெரியாமல் எதற்குத் தலைவிரிகோலமாக ஓட வேண்டும்? போகப் போக அவர்களும் என்னைக் கேட்க ஆரம்பித்தார்கள். "ஏத்தா, எத்தனை எண்ணுனே?" எண்ணிக்கை கூடக் கூட அவர்கள் முகத்தில் உயிர் வரும். செத்தது வேறு ஊர்க்காரன் என்ற நிம்மதி. எனக்கும் அதே நிம்மதிதான், கூடவே கொஞ்சம் பெருமையும் இருந்தது.

எங்கள் வீட்டுக்கு மேற்கே இரண்டு கம்பெனிகள். அண்ணன் வேலை பார்த்தது இரண்டு கிலோமீட்டரில். இன்னொன்று அதற்கும் அப்பால், நான்கு கிலோமீட்டரில்.

அந்த ஆடி மாதக் காலையில் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வானம் மூடிக்கிடந்தது. மேற்கே கருவேல மரங்களுக்கு மேல் வெளிச்சம் பளீரென்று வெட்டியது. ஈரச் சேலையைப் பிடித்தபடியே எண்ணினேன். பன்னிரண்டில் சத்தம் வந்து நெஞ்சில் குத்தியது. கீழே பாத்திரங்கள் உருண்டன. நான் இறங்கி வருவதற்குள் அம்மா வாசலைத் தாண்டியிருந்தாள். ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அண்ணன் கம்பெனி இல்லம்மா. பன்னெண்டு எண்ணிட்டேன்."

"விடுடி கைய."

"பைத்தியம் மாதிரி ஓடாத. அங்கன போயி என்ன செய்யப்போற? உக்காரு."

படித்த மகள் சொன்னதால் உட்கார்ந்தாள். தெருப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு டெம்போ எங்களைக் கடந்து போனது. அதில் இடம் இருந்தது.

என் கணக்கு சரிதான். வெடித்தது நான்கு கிலோமீட்டரில் இருந்த கம்பெனிதான். ஆனால் சீசன் நேரத்தில் ஆள் பற்றாத கம்பெனி பக்கத்துக் கம்பெனியிலிருந்து காலையில் வேனில் ஆள் ஏற்றிப்போகும், சாயங்காலம் கொண்டுவந்து விட்டுவிடும். வீட்டுக்கு யாரும் சொல்லி அனுப்புவதில்லை. இது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். எண்ணிய மிதப்பில் மறந்துபோனேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்து, அண்ணனோடு வேலை பார்த்தவர் வந்தார். சட்டை பாதி கருகியிருந்தது. "சித்தி, கெளம்புங்க," என்றார்.

ஆஸ்பத்திரியில் அண்ணனை வாழை இலையில் கிடத்தியிருந்தார்கள். மூச்சு நின்று கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கழுத்துக்குக் கீழே தோல் உரிந்து தொங்கியது. முகம் மட்டும் அப்படியே இருந்தது. இரண்டு காதிலிருந்தும் ரத்தம் வழிந்து காய்ந்திருந்தது. அலை போகும், காற்று போகாது, அந்தந்த இடத்தில் ஆடி நிற்கும் என்று வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். வெடிக்குப் பக்கத்தில் நிற்பவனுக்கு அது பொருந்தாது. அங்கே காற்றே கிளம்பி வந்து அடிக்கும். அண்ணனின் செவிப்பறை இரண்டும் கிழிந்திருந்தன.

அந்த ஆள் அம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னார். "ஆம்புலன்ஸ் வார வரைக்கும் வேப்பமரத்தடியில நெனவோடதான் கெடந்தான், சித்தி. 'அம்மா வந்துட்டாளா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தான். 'வந்துக்கிட்டு இருக்காக'ன்னு நாங்க அம்புட்டுப் பேரும் கத்துனோம். அவனுக்குக் கேக்கல. டெம்போவில வந்து எறங்குன பொம்பளைக மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தான்."

அம்மா திரும்பி என் முடியைப் பிடித்தாள். என் தலையைச் சுவரில் மோதினாள். கன்னத்திலும் வாயிலும் மாறி மாறி அறைந்தாள். உதடு கிழிந்தது. நான் கையைத் தூக்கவில்லை. அவள் இன்னும் அடிக்க வேண்டும் என்றிருந்தது.

"வண்டியில எடம் இருந்துச்சேடி. என்னைய ஏண்டி உக்கார வச்சே?"

அதற்குப் பிறகும் கம்பெனிகள் வெடித்தன. எண்ணுவதை என்னால் நிறுத்த முடியவில்லை. வெளிச்சம் தெரிந்ததும் மனசு தானாக ஒன்று, இரண்டு என்று தொடங்கிவிடும். மூன்றுக்குள் நான் தெருவில் ஓடிக்கொண்டிருப்பேன், செருப்பில்லாமல். அம்மா எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருப்பாள்.