மிஸ்னா துணி போட்ட சரக்கு

யன்பு துறைமுகச் சந்தையில் பேரீச்சம்பழம் விற்கிற ஒரு கிழவன், நான் எந்தக் கரையிலிருந்து வருகிறேன் என்று தெரிந்ததும் இளித்துக்கொண்டே சொன்னான்: "கப்பல் ஒடஞ்சா ஒங்க ஆளுங்களுக்குப் பெருநாள்தானேம்மா!"

"ஆமா, பெருநாள்தான். எனக்கே அன்னிக்குத்தான் பெருநாள்" என்றேன். கையில் எடுத்த பழத்தைக் கூடையிலேயே போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கழுதையில் திரும்பும்போது வழியெல்லாம் வாய்க்குள் அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன். எங்கள் ஆட்களைத் திருடர்கள் என்று சொல்ல நாலு பேர் இருக்கிறார்கள். மிஸ்னாவைப் பற்றிச் சொல்ல நான் ஒருத்திதான் இருக்கிறேன். அவளும் போன குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மிஸ்னா நல்லவள் என்று ஒரே வார்த்தையில் சொன்னால் அவளே கபர்க் குழியிலிருந்து எழுந்து வந்து சண்டை பிடிப்பாள். வாய் அப்படி. அவள் ஆடுகளைக் கூப்பிட்டால் கடலில் நங்கூரம் போட்டிருக்கிற படகுக்காரன் திரும்பிப் பார்ப்பான். புருஷன் ஆமை பிடிக்கிறவன். ஒருநாள் ஒரு பெரிய ஆமையின் பின்னால் முங்கியவன் மேலே வரவில்லை. பிள்ளை குட்டி கிடையாது. சில ஆடுகளும், தன் கையால் நூற்று நெய்த ஒரு கறுப்புக் கூடாரமும்தான் அவள் சொத்து. பத்தடி தள்ளி அவளுடைய ஓரகத்தி வத்ஹாவின் கூடாரம். ஒரு வெள்ளாட்டுக் குட்டி யார் ஆடு ஈன்றது என்ற தகராறில் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்று வருஷங்கள் ஆகியிருந்தன. அந்தக் குட்டி வளர்ந்து, கிழடாகி, செத்தும் போய்விட்டது. தகராறு மட்டும் சாகவில்லை.

நான் மிஸ்ரு, அதாவது எகிப்து நாட்டுக்காரி. கெனாவில் பிறந்தவள். எங்கள் நாட்டை ஆண்ட பாஷாவின் படைகள், மக்கா இருக்கிற ஹிஜாஸுக்குள் இறங்கிய காலத்தில், நானும் என் புருஷன் ஜாதுல்லாவும் ஹஜ்ஜுக்காகக் குஸைர் துறைமுகத்தில் படகு ஏறினோம். நல்ல படகுகளையெல்லாம் பாஷாவின் ஆட்கள் குதிரைக்கும் தானியத்துக்கும் பிடித்துக்கொண்டார்கள். ஹாஜிகளுக்குக் கிடைத்தது ஒரு கிழட்டுப் படகு. அதில் ஆட்டை அடைப்பதுபோல் எங்களை அடைத்தார்கள். எதிர்க்கரை தெரிந்த காலையில் எல்லோரும் அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொல்லிக் கண்ணீர் விட்டோம். அந்த அழுகையின் நடுவில்தான் அடிப்பலகை பாறையில் மோதியது. எழும் சூரியன் படகோட்டிய நாகுதாவின் கண்ணுக்கு நேராக இருந்தது. எதிர்வெயிலில் தண்ணீருக்கடியில் இருக்கிற பவளப்பாறை எந்த நாகுதாவுக்கும் தெரியாது. வெயில் ஏறும்வரை நிறுத்தியிருக்கலாம். ஆனால் கரை தெரிந்ததும் சனங்கள் நிறுத்த விடவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை, அவரும் போய்விட்டார்.

ஜாதுல்லா என்னை ஒரு மூட்டையோடு சேர்த்துத் தன் இடுப்புத்துணியால் கட்டினார். "விட்றாத புள்ள" என்றார். அடுத்த அலைக்கு அப்புறம் அவர் இல்லை. அவர் உடல் கரைக்கு வரவே இல்லை.

கரையில் என்ன நடந்தது என்பதை மிஸ்னா சொல்லித்தான் நான் அறிந்தேன். அந்தக் கரையில் கடல் எதை ஒதுக்கினாலும், முதலில் அதன்மேல் தன் துணியைப் போடுகிறவருக்கு அது சொந்தம். தலைத்துணியோ, மேலங்கியோ, கூடாரத்துத் துண்டோ, எதுவாக இருந்தாலும் சரி. துணி விழுந்த பொருளை அப்புறம் வேறு யாரும் தொடமாட்டார்கள். கிழக்கே மலைமுகட்டிலிருந்து வெயில் அடிக்கிற நேரத்தில் எல்லாப் பெண்களும் ஓட்டமாக ஓடி வந்தார்கள். மிஸ்னாவும்தான். அவள் பொய் சொல்லமாட்டாள்: கொள்ளையடிக்கத்தான் வந்தாள். தூரத்தில் பெரிய மூட்டை ஒன்று ஒதுங்கிக் கிடந்தது. வத்ஹாவும் அதைப் பார்த்துவிட்டாள். இரண்டு பேரும் போட்டி போட்டு ஓடினார்கள். மிஸ்னா ஓடிக்கொண்டே தலைத்துணியை உருவி வீசினாள். துணி மூட்டைமேல் விழுந்தது. மூட்டை இருமியது.

அந்த மூட்டை நான்தான்.

"ஐயையோ, மனுஷி!" என்றாள் வத்ஹா. "ஏய், அது பொம்பளடி. உன் துணிய எடு. மூட்டைய நான் எடுத்துக்கறேன்."

"துணி விழுந்தா விழுந்ததுதான். என்னோடது."

"மனுஷிய வச்சு என்ன பண்ணப் போற, ஊறுகாயா போடப் போற?"

"என் சரக்கு, நான் ஊறுகா போடுவேன், உப்புக்கண்டம் போடுவேன். ஒனக்கென்ன?"

வத்ஹா என்னோடு கட்டியிருந்த மூட்டையை விட்டுவிட்டு, கொஞ்சம் தள்ளி மிதந்த ஒரு செம்பு அண்டாவின்மேல் தன் துணியைப் போட்டாள்.

அப்போதுதான் மிஸ்னா நிமிர்ந்து பார்த்திருக்கிறாள். கரை நெடுக மனிதர்கள் ஒதுங்கிக் கிடந்தார்கள். சனங்கள் அவர்கள்மேலிருந்த துணிகளை உருவிக்கொண்டிருந்தார்கள். உருவுகிறவர்கள் கொலைகாரர்கள் இல்லை. ஆனால் உருவிவிட்டுப் போய்விடுவார்கள். துணியில்லாமல், அடுத்த கிணறு எங்கே என்று தெரியாமல் அந்த வெயிலில் ஒரு ஆள் எவ்வளவு நேரம் உயிரோடு இருப்பான்? என்மேல் துணி விழுந்ததால் என் கால்கொலுசைக்கூட யாரும் தொடவில்லை. அது அவள் கண்ணில் பட்டுவிட்டது. மேலங்கியைக் கழற்றி ஜிர்ஜா ஊரிலிருந்து எங்களோடு வந்த ஒரு கிழவர்மேல் போட்டாள். அதற்குமேல் கழற்ற அவளிடம் துணி இல்லை.

கூடாரத்துக்கு ஓடினாள். கத்தியை எடுத்தாள். பல வருஷம் ஆட்டுமுடி சேர்த்து, நூற்று, நெய்து தைத்த அந்தக் கூடாரத்தைக் கிழித்தாள். கையில் வந்த துண்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு கரைக்கும் கூடாரத்துக்குமாக ஓடினாள். மூச்சு இருக்கிற ஆள்மேலெல்லாம் ஒரு துண்டு. "இது எனக்கு! இவனும் எனக்கு! தொட்டே, கைய ஒடிப்பேன்!" என்ற அவள் கத்தல் கரையெல்லாம் கேட்டது. சனங்கள் சிரித்தார்கள். மிஸ்னாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றார்கள். ஆனாலும் துண்டு விழுந்த ஆளை யாரும் தொடவில்லை.

அன்று எங்கள் எல்லோருக்கும் அவள் ஆட்டுப்பால் கொடுத்தாள். கூரை இல்லாமல் மொட்டையாக நின்ற கம்பங்களுக்கு நடுவில், கறுப்புத் துண்டுகளைப் போர்த்திக்கொண்டு நாங்கள் வெயிலில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு அழுகைகூட வரவில்லை.

மறுநாள் மதியம் ஸுவைலிம் வந்தார். அவர்தான் அந்தக் கூடாரங்களுக்குத் தலைவர். மிஸ்னாவுக்குச் சித்தப்பா மகன். கடல் ஒதுக்கியதில் ஐந்தில் ஒன்று தலைவருக்குச் சேர வேண்டும். எங்களைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"என்ன மிஸ்னா, பெரிய கடையா விரிச்சிருக்கே?"

"உக்காருங்கண்ணே. பால் குடிங்க."

"அப்புறம் குடிக்கலாம். துணி போட்டுத்தானே எடுத்தே?"

"ஆமா. ஊரே பாத்துச்சே."

"அப்போ சரக்கு. அஞ்சுல ஒண்ணு எனக்கு."

ஓடிய ஓட்டத்தில் இதை மிஸ்னா நினைக்கவே இல்லை. "அண்ணே, மனுஷங்கண்ணே இதுங்க."

"நேத்து நீதானே சரக்கு சரக்குன்னு தொண்ட கிழியக் கத்துனே?"

"இல்ல, விருந்தாளிங்க. என் விருந்தாளிங்க."

"சரி, விருந்தாளின்னே வச்சுக்குவோம். விருந்தாளின்னா கூடாரத்துக்குள்ள இருக்கணும். எங்கம்மா உன் கூடாரம்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் கேட்டது நியாயம்தான். கூடாரம் இருந்தால்தான் விருந்தாளி, விருந்தாளிக்குத்தான் பாதுகாப்பு. எங்களைக் காப்பாற்றுவதற்காகத் தன் கூடாரத்தை வெட்டியவளிடம், எங்களை வைத்துக் காப்பாற்றக் கூடாரம் இல்லை.

ஸுவைலிம் கெட்ட ஆள் இல்லை. அன்று ஒருத்திக்கு விட்டுக்கொடுத்தால் மறுவருஷம் யாரும் பங்கு தரமாட்டார்கள். அந்தப் பங்கை வைத்துத்தான் பஞ்ச காலத்தில் அவர் எல்லோருக்கும் சோறு போடுவார். ஆனால் அவர் கை நீண்டது என்னை நோக்கி. கிழவர்களையும் நோயாளிகளையும் விட்டுவிட்டு, வயசில் சின்னவள் என்று என்னைக் காட்டினார். யன்புவில் முகாம் போட்டிருந்த படையாட்கள் பெண்களுக்கு நல்ல விலை தருவார்கள் என்று யாரோ பின்னாலிருந்து சொன்னது என் காதில் விழுந்தது.

நான் மிஸ்னாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, என் வயித்துல புள்ள இருக்கு. எம் புருஷன் அது தெரியாமலே போயிட்டாரு. என்னைக் குடுத்துராதீங்க" என்றேன்.

மிஸ்னா என்னைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டாள். "அண்ணே, ஆடு மொத்தத்தையும் ஓட்டிக்கோங்க. பத்தலன்னா என்னைக் கூட்டிட்டுப் போங்க."

"ஒன்ன யாரு வாங்குவா? வாங்குனவன் மறுநாளே திருப்பிக் கொண்டாந்து விட்ருவான்" என்றார் ஸுவைலிம். சிரிப்பதற்காகச் சொன்னார், அவருக்கே சிரிப்பு வரவில்லை. "சட்டம் சட்டம்தான் மிஸ்னா. நான் என்ன பண்ண?"

அப்போது பத்தடி தள்ளியிருந்த கூடாரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. வத்ஹா செம்பு அண்டாவில் சோறு கிண்டிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே பேசினாள்.

"ஏய், மிஸ்ருக்காரி! கால் இருக்கா ஒனக்கு?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மிஸ்னாவுக்குப் புரிந்துவிட்டது. "கம்பத்தப் பிடி!" என்று என் முதுகில் ஓங்கி ஒரு தள்ளு தள்ளினாள். நான் விழுந்தடித்து ஓடி வத்ஹாவின் கூடாரக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். வத்ஹா என் வாயில் ஒரு கவளம் சோற்றைத் திணித்தாள். வெந்தும் வேகாத சோறு. நாக்கு பொத்துப் போனது.

"வத்ஹா, அது மிஸ்னாவோட சரக்கு" என்றார் ஸுவைலிம்.

"சரக்கு நடந்து வந்து கம்பத்தப் பிடிக்குமா? சரக்கு சோறு திங்குமா? இவ என் விருந்தாளி. என் கூடாரம் நிக்குதா இல்லையா, கண்ணத் தொறந்து பாருங்க. மிச்சம் இருக்கறதுங்களும் கால் இருந்தா வரட்டும்."

எல்லோரும் வந்தார்கள். ஜிர்ஜாக் கிழவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கம்பத்தில் இடமில்லாமல் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். ஸுவைலிம் பெரிய மூச்சு ஒன்றை விட்டார். அதில் நிம்மதி இருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன். "சரி, எனக்கும் ஒரு தட்டு வை. இந்த அண்டாவுல அஞ்சுல ஒண்ண எப்படி வெட்டுறதுன்னு தின்னுக்கிட்டே யோசிக்கறேன்" என்று உள்ளே வந்து உட்கார்ந்தார்.

மிஸ்னா மட்டும் வெளியில் நின்றாள். வத்ஹா அவளைப் பார்த்தாள். "ஒனக்காகப் பண்ணலடி. நாளைக்கு ஊரெல்லாம் ஒன் பேரையே பேசும், என் பேர எவனும் சொல்லமாட்டான். அதான். மூஞ்சியத் தூக்கி வச்சுக்காம உள்ள வந்து தின்னு." கரையில் போட்ட சண்டையை விட்டால், இத்தனை வருஷத்துக்கு அப்புறம் இரண்டு பேரும் பேசிய முதல் பேச்சே இப்படித்தான் இருந்தது.

தானியம் ஏற்றிப்போன ஒட்டகக்காரர்களோடு மற்றவர்கள் யன்புவுக்குக் கிளம்பினார்கள். ஜிர்ஜாக் கிழவர் மேலங்கியை முத்தமிட்டு மடித்துக் கொடுத்தார். பலர் தங்கள்மேல் கிடந்த கூடாரத் துண்டைத் திருப்பித் தர மறந்து போர்த்திக்கொண்டே போய்விட்டார்கள். நன்றி கெட்டதுகள் என்று நான் இன்றைக்கும் வைவேன். "அவங்களுக்குக் குளிரும்லடி" என்பாள் மிஸ்னா.

நான் போகவில்லை. குழந்தை பிறந்ததும் ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கெனாவில் எனக்காகக் காத்திருக்க யாரும் இல்லை என்பதைச் சொல்லவில்லை. அந்தக் குளிர்காலம் முழுவதும் நாங்கள் வத்ஹாவின் கூடாரத்தில் இருந்தோம். எல்லாக் கூடாரத்திலிருந்தும் ஆட்டுமுடி வந்தது. வத்ஹா கொடுத்ததுதான் அதிகம்; கழித்துப் போட்ட முடி என்று சொல்லிக் கொடுத்தாள். மிஸ்னா நூற்றாள், நான் தைத்தேன். நடுவில் என் மகன் பிறந்தான். விருந்தாளி என்பதால் வத்ஹா என்னை ஒரு விறகைக்கூட எடுக்க விடவில்லை.

புல் முளைத்த சமயம் மிஸ்னாவின் புதுக் கூடாரம் எழுந்தது. முதல் விருந்தாளியாக என்னை உள்ளே அழைத்தாள். அங்கே விருந்து மூன்று நாள். மூன்று நாளும் எனக்குத்தான் முதல் தட்டு, எனக்குத்தான் மெத்தென்ற இடம். மூன்று நாள் முடிந்தால் விருந்தாளி கிளம்ப வேண்டும். மூன்றாம் நாள் இருட்டும்போது என் மூட்டையைக் கட்டி வைத்துவிட்டேன். அவள் அதைப் பார்த்தாள், ஆடுகளைக் கட்டப் போய்விட்டாள்.

விடிந்து வெயில் ஏறியது. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு, எப்படி விடைபெறுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். காலியான தண்ணீர்த் தோல்பை ஒன்று பறந்து வந்து என் காலடியில் விழுந்தது.

"எவ்ளோ நேரம்டி இப்படியே குந்திக்கிட்டிருப்பே? கிணத்துக்கு யாரு போவா, ஒங்கப்பனா வருவான்? புள்ளய இங்க குடு. எந்திரி!"

இந்தக் கரையில் விருந்தாளியைத் தண்ணீருக்கு அனுப்பமாட்டார்கள். வீட்டுப் பெண்ணைத்தான் அனுப்புவார்கள்.

தோல்பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். கடலில் வராத அழுகையெல்லாம் அன்று கிணற்றுப் பாதையில் வந்தது. எதிரே வந்த வத்ஹா பதறிப்போய் என் முகத்தைப் பிடித்துத் தூக்கினாள்.

"என்னடி? திட்டிட்டாளா?"

"ஆமாக்கா, அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். "நல்லாத் திட்டிட்டா."